அசுவினி பிறக்கும் வரை

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் தினசரி காலண்டர் ஒன்று தொங்குகிறது. மற்றவர்கள் அதில் ராகுகாலம் பார்ப்பார்கள், விடுமுறை பார்ப்பார்கள். நான் நட்சத்திரம் பார்க்கிறேன். அவிட்டம் என்று கண்டால் அன்றிலிருந்து ஐந்து நாள் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

இந்தப் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி என்று அடுத்தடுத்து வரும் ஐந்து நட்சத்திரங்களில் யாராவது இறந்தால் அந்த வீட்டுக்கு அடைப்பு. இறந்தவர் புழங்கிய அறையை ஆறு மாதம் பூட்டிப் போட வேண்டும். சிலர் வீட்டையே பூட்டிவிட்டு வேறு இடம் பார்த்துப் போய்விடுவார்கள். அந்த வாசலில் ஆறு மாதத்துக்கு நல்ல காரியம் எதுவும் நடக்காது. ஆஸ்பத்திரியில் செத்தாலும் அடைப்பு வீட்டுக்குத்தான் என்பது எங்கள் ஊரில் பலருடைய நம்பிக்கை. ரேவதி முடிந்து அசுவினி பிறந்துவிட்டால் பயமில்லை.

நான் புள்ளியியல் படித்தவன். தென்காசியில் ஓர் அறக்கட்டளை நடத்தும் மருத்துவமனையில் நெடுங்காலம் நிர்வாக அதிகாரியாக இருந்தேன். ஓய்வு வயது தாண்டிய பிறகும் என்னை விடவில்லை. எந்த மாதத்தில் எத்தனை படுக்கை வேண்டும், எத்தனை நர்ஸ் வேண்டும், எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று முன்கூட்டிக் கணித்துச் சொல்வது என் வேலை. சாரல் விழத் தொடங்கினால் குற்றாலத்துக்கு வருகிற கூட்டத்தில் ஒரு பங்கு எங்களிடமும் வந்து சேரும். பாறையில் வழுக்கி மண்டை உடைந்தவர்கள், அருவிக்குக் கீழே நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர்கள், மலைப் பாதையில் வேன் கவிழ்ந்தவர்கள். மேற்கே மேகம் இறங்குவதைப் பார்த்தே இன்னும் எத்தனை நாளில் வார்டு நிரம்பும் என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் தப்பாது. அதில் எனக்குக் கர்வம் உண்டு.

எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் அப்போது எட்டுப் படுக்கைகள், நான்கு வெண்டிலேட்டர்கள். தினமும் காலை ஒன்பது மணிக்கு எத்தனை நிரம்பியிருக்கிறது என்று ஒரு வரைபடத்தில் புள்ளி வைப்பேன். அந்தக் கோட்டில் சீசனுக்கு ஒரு மேடு வரும், டெங்கு காலத்துக்கு ஒரு மேடு வரும். இவை தவிர வேறொரு சின்ன மேடு இடைவிடாமல் வந்துகொண்டே இருந்தது. ஐந்து நாள் நான்கு வெண்டிலேட்டரும் நிரம்பிக் கிடக்கும். ஆறாம் நாள் ஒரே பகலில் மொத்தமும் காலியாகும். மாதச் சம்பளத் தேதியோடு பொருத்திப் பார்த்தேன், பொருந்தவில்லை. அமாவாசையோடு பார்த்தேன், இல்லை. கடைசியில் ஒருநாள் வார்டு வாசலில் ஒரு பெரியவர் டாக்டரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"அய்யா, உயிரு இருக்கோ இல்லையோ, நாங்க கேக்கல. நாளைக்கு மத்தியானம் அசுவினி பொறந்துரும். அதுவரைக்கும் அந்த மெஷினை மட்டும் நிறுத்திராதீங்க. பொறந்ததும் நாங்களே தூக்கிட்டுப் போயிருதோம்."

அறைக்குப் போய்ப் பஞ்சாங்கத்தை விரித்து, அடைப்பு நாட்களை வரைபடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டேன். இருபத்தேழு நாளைக்கு ஒரு முறை, மேட்டுக்கு மேல் கோடு அப்படியே உட்கார்ந்தது. தலைமை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சிரித்தார்.

"ஓய், நீரு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிச்சீரா, ஜோசியம் படிச்சீரா?"

இருவரும் சேர்ந்தே சிரித்தோம். சிரிக்காமல் நின்றவர் அந்தப் பிரிவின் பொறுப்பு நர்ஸ். நாங்கள் எல்லோரும் அவரைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். குத்துக்கல்வலசையிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். வரைபடத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"சார், இது பெட் பத்தலைன்னு சொல்லுத கோடு இல்ல. இவங்ககிட்ட யாரும் பேசலைன்னு சொல்லுத கோடு."

"என்ன பேசணும், சிஸ்டர்?"

"இவங்க ஒருத்தரும் திடீர்னு சாகல சார். புத்துநோய், கிட்னி, நுரையீரல். மாசக்கணக்கா இங்கன வந்துபோய்ட்டு இருக்கவங்க. முடியப் போகுதுன்னு நமக்கும் தெரியும். அவங்களுக்கும் தெரியும். யாரும் வாயத் தொறக்க மாட்டோம். கடைசில மூச்சு முட்டும்போது தூக்கிட்டு வருவாங்க, நாம கொழாயப் போடுவோம். போட்டப்புறம் எடுக்க ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது. அதுக்குத்தான் நட்சத்திரம் ஒரு சாக்கு."

அவர் கேட்டது அதிகம் இல்லை. கீழ்த்தளத்தில் சும்மா கிடந்த பழைய எக்ஸ்ரே அறைகள் இரண்டு, வலிக்கு மார்ஃபின் வைத்துக்கொள்ள அனுமதி, வீடு தேடிப் போய்ப் பார்க்க ஒரு நர்ஸ், ஒரு வண்டி. முன்கூட்டியே பேசிவிட்டால் பாதிப் பேர் வீட்டிலேயே நிம்மதியாகக் கண் மூடுவார்கள், மேல்மாடியில் மெஷின் பிழைக்கிறவர்களுக்குக் கிடைக்கும் என்றார்.

எனக்கு அவர் சொன்னது புரிந்தது. நன்றாகவே புரிந்தது. ஆனால் அறங்காவலர்கள் முன்னால் பேச வேண்டியவன் நான். அவர்களில் ஒருவர் சென்னையிலிருந்து வருவார், பெரிய படிப்பு. சாவதற்கென்று அறை கேட்டால் முகம் சுளிப்பார்கள். நட்சத்திரத்தைக் காட்டினால் சிரிப்பார்கள். இன்னொரு சிக்கலும் இருந்தது. கடைசி நேரத்தில் வீட்டுக்குத் தூக்கிப் போனவர்களையெல்லாம் நாங்கள் 'உறவினர் வேண்டுகோளின் பேரில் அனுப்பப்பட்டார்' என்றுதான் எழுதுவோம். எங்கள் பதிவேட்டைப் படிக்கிறவர்களுக்குத் தென்காசி வட்டாரத்தில் சாவே அபூர்வம் என்று தோன்றும். அந்தப் பதிவேட்டை வைத்துக்கொண்டு இரண்டு அறை கேட்க எனக்கு மனமில்லை. சிவப்புக் கோடு இல்லாமல் வரைபடத்தைப் புதிதாக வரைந்தேன். சிஸ்டரிடம் "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றேன். இதே பதிலை அவருக்கு இரண்டு வருடம் சொன்னேன்.

என் அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவர். செங்கோட்டைப் பக்கம் மரக்கடை வைத்திருந்தார். வாழ்நாள் முழுக்க அறுத்த மரத்தின் தூளைச் சுவாசித்ததாலோ என்னவோ, நுரையீரல் இறுகிப்போனது. எங்கள் பூர்வீக வீட்டை நாங்கள் இருவரும் பாகம் பிரித்துக்கொண்டோம். நடுவில் சுவர் எழுப்பினோமே தவிர, தெருவாசல் ஒன்றுதான். வடக்குப் பாதி அவர், தெற்குப் பாதி நான். என் மனைவி போன பிறகு எனக்கும் அண்ணன் மனைவி, என் மதினிதான் சமையல்.

அந்த இரண்டாம் வருடச் சித்திரையில் ஒரு மாலை அண்ணன் என்னைக் கூப்பிட்டார். அவருடைய அறையில் மேற்குப் பார்த்த ஜன்னல் ஒன்று உண்டு. வயலுக்கு அப்பால் குற்றாலத்து மலை முழுசாகத் தெரியும்.

"ஏலே, உன் ஆஸ்பத்திரில அந்த மெஷினு இருக்குல்லா."

"ஆமா."

"என்னை அதுல போட்டுராத. கைய கட்டிப் போட்டு, வாயில கொழாயச் சொருகி… நான் போய்ப் பாத்திருக்கேன், நம்ம மரக்கடை ஆளு ஒருத்தன் கெடந்தான். மரத்தை வாள்ல கொடுக்க முன்னாடி சங்கிலி போட்டு இறுக்குவோம்லா, அந்த மாதிரி இருந்திச்சி. எனக்கு மூச்சு நின்னா நின்னுட்டுப் போட்டும். இந்த ஜன்னலைத் தொறந்து வையி. சாரல் உள்ள வரட்டும். அவ்வளவுதான்."

"இப்ப எதுக்குண்ணே இந்தப் பேச்சு?"

"இப்ப பேசாம, செத்தப்புறமா வந்து பேசுவேன்? சத்தியம் பண்ணுலே."

மதினி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் அண்ணன் கையைப் பிடித்துச் "சரி" என்றேன். அவர் அதற்குமேல் என்னை வற்புறுத்தவில்லை. நான் படித்தவன், ஆஸ்பத்திரிக்காரன், சொன்னால் செய்வேன் என்று நம்பினார்.

ஆடியில் சாரல் பிடித்துக்கொண்டது. நான்கு நாள் வெயிலே இல்லை. துணி காயவில்லை, சுவரெல்லாம் ஈரம். அந்த ஈரக்காற்று அண்ணனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு காலை பல் தேய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தவருக்கு உதடு நீலமாகிவிட்டது. மதினி என்னைக் கூப்பிட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. நான் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, முதலில் பார்த்தது சுவரில் இருந்த காலண்டரை. சதயம் என்று இருந்தது.

என் மகள் வயிற்றுப் பேத்திக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் அந்த ஒரு விஷயத்தில் கெடுபிடியானவர்கள். பூர்வீக வீட்டு வாசலிலிருந்துதான் பெண் அழைக்க வேண்டும் என்றார்கள். வீட்டில் எந்தக் குறையும் இல்லையே என்று இரண்டு முறை கேட்டார்கள். அடைப்பு விழுந்த வாசலில் அவர்கள் கால் வைக்க மாட்டார்கள். எங்கள் வீட்டுக்கோ வாசல் ஒன்றுதான்.

இதையெல்லாம் அந்தக் கணத்தில் யோசித்தேனா என்று கேட்டால், யோசித்தேன். அண்ணன் தலை என் தோளில் சாய்ந்திருக்கும்போதே யோசித்தேன். ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன்.

"தம்பி, அவுக வேண்டாம்னாகளே," என்றார் மதினி.

"பார்ப்போம் மதினி. ஆக்சிஜன் மட்டும்தான்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியே அழைத்துப் பேசினார். நிலைமை இரண்டே வழிதான் என்றார். ஒன்று, மருந்து கொடுத்து மூச்சுத் திணறல் தெரியாமல் வைத்து வீட்டுக்கு அனுப்பலாம். இன்று இரவோ நாளையோ முடியும். இல்லையென்றால் மெஷின். மெஷின் போட்டாலும் நுரையீரல் திரும்பாது. என் கணக்கு வேறாக இருந்தது. சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி. நான்காம் நாள் பகல் பன்னிரண்டு இருபதுக்கு அசுவினி.

"போடுங்க," என்றேன்.

டாக்டர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். அதே வரைபடத்தைப் பார்த்துச் சிரித்தவர்தான். இப்போது சிரிக்கவில்லை.

முதல் நாள் அண்ணனுக்கு நினைவு இருந்தது. குழாயை இழுத்துவிடக் கூடாதென்று இரண்டு மணிக்கட்டையும் துணிப்பட்டையால் கட்டிலில் கட்டியிருந்தார்கள். நான் பக்கத்தில் போனபோது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு மயக்க மருந்து ஏற்றினார்கள். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. மதினி தினமும் வந்து வெளியே நின்றார். நான் "நாளைக்கு வீட்டுக்குப் போயிரலாம்" என்று ஒவ்வொரு நாளும் சொன்னேன். அவருக்கு நட்சத்திரக் கணக்கு தெரியாமல் இருக்குமா? தெரியும். பேத்தி கல்யாணம் என்பதால் வாயை மூடிக்கொண்டார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

நான்காம் நாள் காலை வார்டுக்குப் போனேன். நான்கு வெண்டிலேட்டரும் ஓடிக்கொண்டிருந்தன. நான்கு பேர் நெஞ்சும் ஒரே மாதிரி ஏறி ஏறி இறங்கின. வெளியே நான்கு குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. ஒரு குடும்பத்தார் வேட்டி, மாலை எல்லாம் பையில் கொண்டுவந்திருந்தார்கள். ஒருவர் என்னிடம், "அண்ணாச்சி, உங்க பஞ்சாங்கத்துல எத்தனைக்குப் போட்டிருக்கு? எங்களுதுல பன்னண்டே காலுன்னு இருக்கு" என்று கேட்டார். பன்னிரண்டு இருபது என்றேன். "அஞ்சு நிமிசந்தான, இருந்துக்கிடுதோம்" என்றார், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி.

பதினொன்று அடித்துச் சில நிமிடங்கள் ஆகியிருக்கும். அண்ணனின் மானிட்டரில் கோடு தளர்ந்து, தாவி, பின் படுத்துவிட்டது. பணியிலிருந்த டாக்டர் ஓடிவந்தார். நெஞ்சில் கை வைக்கப் போனவர் நின்று என்னைப் பார்த்தார்.

"வேண்டாம்," என்றேன்.

"சார், அப்ப டைம் நோட் பண்ணிரட்டுமா?"

"மெஷின் ஓடட்டும். பன்னிரண்டு இருபத்தஞ்சுன்னு போட்டுக்கோங்க."

அந்த டாக்டர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவருடைய வருகைப் பதிவேட்டில் மாதா மாதம் கையெழுத்துப் போடுகிறவன் நான். சரி சார் என்று சொல்லிவிட்டு மானிட்டரின் சத்தத்தை அணைத்தார். என் அண்ணன் இறந்துவிட்டார். அவர் நெஞ்சு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பதினொன்றரைக்குச் சிஸ்டர் கீழேயிருந்து படியேறி ஓடிவந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"சார், கேஷுவால்ட்டில பாம்புக்கடி. அச்சன்புதூர்ப் பக்கம், வயல்ல களை எடுக்கும்போது நல்ல பாம்பு. பொம்பள, முப்பது வயசு இருக்கும். விஷமுறிவு போட்டாச்சு. ஆனா இமை விழுந்துட்டு, மூச்சு எடுக்க முடியல. கொழாய் போட்டுக் கையால அமுக்கிட்டு இருக்கோம். ரெண்டு நாள் மெஷின் குடுத்தா போதும் சார், விஷம் எறங்கினதும் நடந்து வீட்டுக்குப் போயிருவா. எனக்கு ஒரு பெட் வேணும்."

"நாலும் ஃபுல், சிஸ்டர்."

அவர் அண்ணனின் படுக்கையைப் பார்த்தார். மானிட்டரைப் பார்த்தார். அது படுத்திருந்த கோட்டைக் காட்டிக்கொண்டிருந்தது. முப்பது வருடம் நர்ஸாக இருந்தவருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

"சார், இவங்க போயிட்டாங்க."

"இன்னும் அம்பது நிமிஷம், சிஸ்டர்."

"அவ உசுரோட இருக்கா சார்."

"நாலும் ஃபுல்னு எழுதி அனுப்புங்க. திருநெல்வேலிக்குப் போகட்டும்."

இந்த வாக்கியத்தை நான் சொன்னேன். பதற்றத்தில் சொல்லவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நிதானமாகச் சொன்னேன். சிஸ்டர் திரும்பி இறங்கிப் போய்விட்டார். ஊரில் வேறு இரண்டு இடங்களுக்குப் போன் செய்தார்கள் என்று பிறகு அறிந்தேன். அங்கேயும் மெஷின் காலி இல்லை. அங்கேயும் ரேவதிதானே.

ஜன்னல் வழியே கீழே பார்த்தேன். எங்கள் வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. அதில் மெஷின் கிடையாது. சேற்றுக் காலோடு ஒரு ஆள் உள்ளே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் அவர் கையில் மூச்சு கொடுக்கும் நீலப் பையைக் கொடுத்து, அதை எப்படி அமுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து சத்தம் கேட்கவில்லை. அவர் உதடுகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று அசைந்தது தெரிந்தது. அந்த ஆள் தலையாட்டினார். கதவை மூடினார்கள். சாரலில் வண்டி போனது.

பன்னிரண்டு இருபதுக்கு அசுவினி பிறந்தது. பன்னிரண்டு இருபத்தைந்துக்கு அண்ணன் இறந்ததாக எழுதினார்கள். ஒரு மணிக்குள் நான்கு வெண்டிலேட்டரும் காலி. விரிப்பை மாற்றி, மெஷினைத் துடைத்து, வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள். மறுநாள் காலை வரைபடத்தில் புள்ளி எங்கே விழும் என்று எனக்குத் தெரியும். அது அங்கேதான் விழுந்தது.

வீட்டுக்கு அடைப்பு இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, ஆவணியில் பேத்தி கல்யாணம் எங்கள் வாசலிலிருந்து நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் சந்தோஷமாகப் போனார்கள்.

அதோடு நின்றிருந்தால்கூட இவ்வளவு கேவலமாக உணர்ந்திருக்க மாட்டேன். அடுத்த அறங்காவலர் கூட்டத்துக்கு நான் எழுதிய குறிப்பில் ஒரு வரி சேர்த்தேன். 'உயிர்காக்கும் கருவி காலி இல்லாததால், பிழைக்க வாய்ப்புள்ள நோயாளி ஒருவரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. எனவே கூடுதலாக ஆறு படுக்கைகள் தேவை.' கூட்டம் அந்த வரியைப் படித்து உருகிவிட்டது. சென்னையிலிருந்து வந்தவர், "இது மாதிரி இன்னொரு தடவை நடக்கக் கூடாது" என்று மேசையைத் தட்டினார். ஆறு படுக்கைகளும் வந்தன. கீழ்த்தளத்து எக்ஸ்ரே அறைகளைப் புதிய மெஷின்களுக்கான பேட்டரி வைக்க எடுத்துக்கொண்டோம். சிஸ்டர் அந்த மாதமே வேலையை விட்டுவிட்டார்.

புதுப் படுக்கைகள் வந்த பிறகும் அவிட்டத்தன்று அவை நிரம்பின. இடம் இருக்கிறது என்று தெரிந்ததும் முன்பு வீட்டிலேயே வைத்திருந்தவர்களையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மேடு இன்னும் உயரமாக எழுந்தது, அவ்வளவுதான். அதைப் பார்த்த அன்று நான் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். முதுமை என்று காரணம் எழுதினேன்.

அந்தப் பெண் என்ன ஆனாள் என்று நான் ஒரு வருடம் கேட்கவில்லை. தெரியாத வரைக்கும் அவள் பிழைத்திருக்கலாம் அல்லவா. போன ஆடியில் குத்துக்கல்வலசைக்குச் சிஸ்டர் வீட்டைத் தேடிப் போனேன். அவர் இப்போது தானாகவே ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய், படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்கிறார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"இதைக் கேக்க ஒரு வருஷம் ஆச்சா சார் உங்களுக்கு?"

ஒரு துண்டுக் காகிதத்தில் தெருவை எழுதிக் கொடுத்தார். "என்கிட்ட கேக்காதீங்க. போய்ப் பாருங்க," என்றார்.

போனேன். அன்று வண்டியில் சேற்றுக் காலோடு உட்கார்ந்திருந்தவர்தான் அந்தப் பெண்ணின் கணவர், மோட்டார் பம்பு பழுது பார்க்கிறவர். வாசலில் ஒரு மோட்டாரைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி போட்டார்.

"ஆலங்குளம் தாண்டினதும் டிரைவர் திரும்பிப் பாத்துட்டு, போதும் அண்ணாச்சின்னாரு. ரோடு வேலை நடந்துச்சுல்லா, ஒரே குலுக்கல். கொழாய் நழுவியிருக்கும்னு பெறகு சொன்னாங்க. மணி பன்னண்டரை இருக்கும். நான் நிறுத்தலையே. திருநெல்வேலி வரைக்கும் அமுக்கிட்டுத்தான் போனேன். ரெண்டு நாளைக்குக் கை மடக்க முடியல."

உள்ளேயிருந்து ஏழெட்டு வயதுப் பெண் ஒருத்தி வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆனா ஒண்ணு பாத்துக்கிடுங்க. அன்னைக்கு ரேவதி. போற வழியிலேயே எனக்கு அந்த நெனப்புதான். அடைப்பு விழுந்தா இந்தப் பொட்டப்பிள்ளைய வச்சிக்கிட்டு நான் எங்கன போவேன்? பெறகு பஞ்சாங்கத்தைப் பாத்தா, பன்னண்டு இருவதுக்கே அசுவினி பொறந்திட்டாம். பத்து நிமிசத்துல அவ எங்களைக் காப்பாத்திட்டுப் போயிட்டா." சட்டென்று சிரித்தார், சிரித்ததற்காகக் கூச்சப்பட்டார். "நீங்க ஒண்ணும் மனசுல வச்சிக்கிடாதீங்க. பெட் ஃபுல்லுன்னா ஆஸ்பத்திரிக்காரக என்ன செய்வீங்க?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். ஃபுல் இல்லை, அதில் ஒன்றில் செத்தவர் கிடந்தார், அவர் என் அண்ணன் என்று. காபி கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் ரேவதியில் இறந்ததை, மெஷினை ஓடவிட்டதை, பாம்புக்கடிக்காரியை, கூட்டத்துக் குறிப்பில் எழுதிய வரியை. அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. நான் முடித்த பிறகுதான் சொளகைக் கீழே வைத்தார்.

"அவுக ரேவதில போனது எனக்குத் தெரியும். அன்னைக்கு வெளிய வந்தீங்கள்லா, உங்க மொகத்தைப் பாத்தேன். கல்யாண வீடுன்னு பொறுத்துக்கிட்டேன். அது எங்க ரெண்டு பேரு பாடு." தரையில் சிதறிய அரிசியைக் கூட்டி அள்ளினார். "அந்தப் பிள்ளைக்கு எத்தன வயசு?"

"எந்தப் பிள்ளை மதினி?"

"அவ பெத்த பிள்ளை."

"ஏழு, எட்டு இருக்கும்."

மதினி எழுந்து அண்ணன் அறைக்குப் போனார். மேற்கு ஜன்னலைச் சாத்திக் கொண்டி போட்டார். அறைக் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினார். திரும்பி வந்து என் முன்னால் நின்றார்.

"நீங்க போயி அந்த ஆளுகிட்டச் சொல்லணும் தம்பி. காபி குடிச்சிட்டு வந்தா ஆச்சா? சொல்லிட்டு வார வரைக்கும் நீங்க இந்தத் தெருவாசல் வழியா வரக்கூடாது. இந்த வாசலுக்காகத்தான அவ்வளவும் செஞ்சீங்க."

நான் சிரிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

அது நடந்து ஒன்பது மாதமாகிறது. நான் கொல்லைப்புறச் சந்து வழியாகத்தான் போகிறேன், வருகிறேன். மாட்டுத் தொழுவம் இருந்த இடத்தைத் தாண்டி, குனிந்து நுழைகிற கதவு அது. தெருவில் கேட்பவர்களுக்கு முழங்கால் வலி, முன்படி ஏற முடியவில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். பேத்தி தலைப்பிரசவத்துக்கு வந்தாள். அவளை முன்வாசலில் ஆரத்தி எடுத்து அழைத்தார்கள், நான் பின்னால் நின்று பார்த்தேன். மதினி எனக்குச் சோறு போடுகிறார். தட்டைக் கொல்லைப்பக்கம் கொண்டுவந்து வைப்பார்.

அச்சன்புதூர் பஸ்ஸில் இதுவரை மூன்று முறை ஏறிவிட்டேன். மூன்று முறையும் பாதியில் இறங்கித் திரும்பிவிட்டேன். அந்த மனிதர் தன் வீடு தப்பியதாக நம்பிக்கொண்டிருக்கிறார். நான் போய் உண்மையைச் சொன்னால் அந்தப் பத்து நிமிடத்தின் ஆறுதலும் அவருக்கு இல்லாமல் போகும். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். எழுதிப் பார்க்கும்போது அது பொய் என்று தெரிகிறது. எனக்கு அவர் கையைப் பார்க்கப் பயம். திருநெல்வேலி வரை அமுக்கிய கை அது.

போன வாரம் இப்போதைய நிர்வாக அதிகாரி வீட்டுக்கு வந்தார். கெட்டிக்காரர். என்னுடைய பழைய கோப்பில் சிவப்புக் கோடு போட்ட அந்த முதல் வரைபடம் கிடைத்ததாம்.

"சார், இது பிரமாதமான கண்டுபிடிப்பு! ஏன் யாருக்கும் காட்டல? இனிமே அடைப்பு நாளுக்கு முன்னாடியே ஸ்டாஃபைக் கூட்டி வச்சுக்கலாம். இன்னும் எட்டு பெட் கேட்டிருக்கேன்."

"எட்டு வேண்டாம். எக்ஸ்ரே ரூம் ரெண்டையும் திருப்பி எடுங்க," என்றேன். சிஸ்டர் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல யோசனை சார். அடுத்த வருஷம் பார்ப்போம்."

இன்று காலண்டரில் ரேவதி. மலையில் மேகம் இறங்கிவிட்டது, இந்த வருடம் சாரல் சீக்கிரம் போலிருக்கிறது. இந்நேரம் அங்கே எத்தனை மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். கீழே யாராவது வந்து நிற்கிறார்களா என்பதுதான் தெரியாது. இந்தக் காகிதங்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருக்கிறேன். வாயால் சொல்ல முடியாவிட்டால் அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் படித்து முடிக்கும் வரை எதிரில் நிற்பதாக இருக்கிறேன். பத்தரைக்கு ஒரு பஸ் இருக்கிறது. மதினி தெருவாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்கிறது. நான் கொல்லைக் கதவைத் திறக்கிறேன்.